ஆறாம் அறையின் மார்ஃபின் புட்டி

நான் ஓய்வு பெற்ற அதே மாதத்தில் எங்கள் ஹாஸ்பிஸையும் விற்றார்கள். நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரிலிருந்து காரில் இருபது நிமிடத் தொலைவில் இருக்கிற பன்னிரண்டு அறைக் கட்டடம் அது. இனிக் குணமாகாது என்று டாக்டர்கள் கையை விரித்த பிறகு, கடைசி வாரங்களைக் கழிக்க அங்கே ஆட்கள் வருவார்கள். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்தார்கள். இப்போது வாங்கியிருப்பது ஒரு கம்பெனி. முதல் வேலையாக அறைக்கு அறை மாட்டியிருந்த சிலுவைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். அடுத்த வேலையாக, இல்லத்தின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாகப் போடப் போகிறோம் என்றார்கள்.

அதற்கு என்னிடம் ஒரு பக்கம் வாங்கிப்போக நித்யா வந்தாள். சென்னைப் பெண், அங்கே ஐந்து வருஷமாக நர்ஸ், எனக்குப் பிறகு என் ஷிஃப்ட்டைப் பார்ப்பவள்.

“ஆன்ட்டி, சிஸ்டர் ஹெலன் பத்தி நீங்கதான் எழுதணும். மார்ஃபினே வேண்டாம்னு ரிஃப்யூஸ் பண்ணிட்டு அவ்ளோ பெயினையும் கடவுளுக்கு ஆஃபர் பண்ணாங்களாமே. நீங்கதான அவங்க நர்ஸ்? படிக்கிறவங்களுக்கு ரொம்ப இன்ஸ்பைரிங்கா இருக்கும்.”

எழுதித் தருகிறேன் என்றேன். அவள் சொன்னதில், நான் அவருடைய நர்ஸ் என்பது ஒன்றுதான் உண்மை. மற்றதெல்லாம் நாங்கள் கட்டிவிட்ட கதை. அதைக் கட்ட நானும் மண் சுமந்தேன். அந்தக் கதை முப்பது வருஷம் அந்தக் கட்டடத்தில் நடமாடியது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு நர்ஸுக்கும் முதல் வாரத்தில் சொல்லப்பட்டது. ஒருமுறைகூட நான் குறுக்கே பேசவில்லை.

என் கதை சுருக்கம்தான். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் பிறந்தேன். கோயம்புத்தூர் அரசு மருத்துவமனையில் நர்ஸிங் படித்தேன், அங்கேயே பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு வார்டில் எண்பது பேர், நாங்கள் மூன்று பேர். வலிக்கிறது என்று கத்துபவரிடம் முதலில் போவோம், கத்தாதவர் காத்திருப்பார். அதைத் தவறு என்று யாரும் சொல்லித் தரவில்லை. அமெரிக்காவில் நர்ஸுகளுக்குத் தட்டுப்பாடு என்று தேர்வு எழுதவைத்து ஆள் எடுத்தபோது நானும் எழுதினேன். 1991-இல் வந்து இறங்கினேன். என் விசாவின் தோளில் ஏறி என் வீட்டுக்காரரும் வந்தார். பிறகு கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்துவிட்டு ஹாஸ்பிஸுக்கு மாறினேன். கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் பண்ணுவதாக அவர்கள் சொன்னதுதான் காரணம். சேவை மனப்பான்மை என்று விடைபெறும் கூட்டத்தில் யாரோ பேசினார்கள். அவர்கள் நல்லவர்கள், பேசட்டும்.

ஹாஸ்பிஸில் எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர் சிஸ்டர் ஜெரார்ட். ஆண் பெயராக இருக்கிறதே என்று முதலில் குழம்பினேன். துறவு ஏற்கும்போது ஒரு புனிதரின் பெயரை வைத்துக்கொள்வார்களாம், அந்தப் புனிதர் ஆணாக இருந்தாலும் சரிதான். அறுபது வயதிருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலை ஏழு மணிக்கு நாங்கள் நின்றுகொண்டு, கையில் காகிதம் இல்லாமல், ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். “ராத்திரி சங்கடப்பட்டார்னு நினைக்கிறேன்” என்று யாராவது இழுத்தால் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். நினைத்தது வேண்டாம், பார்த்ததைச் சொல் என்பார். எழுதுவதிலும் அதே கறார். செய்ததை மட்டும் எழுது, செய்யாததை எழுதாதே என்பது அவருடைய சட்டம்.

அவரைக் கல்மனசுக்காரி என்று சொல்லிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவரைப் போல நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க எனக்கு இன்றுவரை வரவில்லை. முதலில் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். எந்தப் பக்கம் திருப்பப் போகிறோம் என்று காதருகே சொல்வார். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில், எதிர்ப்பக்கம் இன்னொரு நர்ஸ், மூன்று என்றதும் ஒரே மூச்சில். எனக்கு அதைக் கற்றுத் தந்தவரும் அவர்தான்.

மார்ஃபின் விஷயத்தில் இருந்த நடைமுறையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. வாயில் விடும் மருந்து அது. சின்னப் புட்டியில் இருக்கும். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்துக்கு உள்பக்கம் விட்டால் போதும், விழுங்கக்கூட வேண்டாம். நோயாளியின் பெயர் எழுதிய புட்டிகள் எல்லாம் ஒரே பூட்டிய அலமாரியில் இருக்கும். ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவருமாக இரண்டு நர்ஸுகள் சேர்ந்து அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு புட்டியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மருந்து எந்தக் கோடு வரை இருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சொட்டுக் குறைந்தாலும் ஏன் என்று எழுத வேண்டும். குறையாவிட்டால் எதுவும் எழுத வேண்டியதில்லை.

யாருக்கு எப்போது கொடுப்பது என்பது டாக்டரின் உத்தரவு. அன்றைக்கெல்லாம் பலருக்கு, ‘வலிக்கிறது என்று கேட்டால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்றுதான் எழுதுவார்கள். கேட்டால் கொடு. கேட்காவிட்டால்? அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இருக்காது. நல்ல நர்ஸாக இருந்தால் தானாகப் போய்க் கேட்பாள், அவ்வளவுதான்.

சிஸ்டர் ஹெலன் எங்களிடம் வந்தது தொண்ணூற்றைந்தாம் வருஷம், குளிர் விடாத மார்ச் மாதத்தில். எழுபத்து மூன்று வயது. புற்றுநோய் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருந்தது. அதே சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரீதான், ஆனால் நர்ஸ் அல்ல, கல்லூரிப் பேராசிரியை. மத்திய காலத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ ஞானியரைப் பற்றி நாற்பது வருஷம் பாடம் எடுத்தவர். ஆறாம் அறை, ஜன்னல் பக்கம். முதல் இரண்டு வாரமும் வலி வரும்போது அவராக மருந்து கேட்டதில்லை, வேண்டுமா என்று நாங்கள் கேட்டோம், அவர் வாங்கிக்கொண்டார். இந்த வித்தியாசம் அப்போது என் கண்ணில் படவில்லை.

மத்தியான வேளைகளில் அவர் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது பேசுவார். ஆங்கிலத்தில் பேசியதை எனக்கு நினைவிருக்கிற தமிழில் எழுதுகிறேன். அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் சில பெண்கள் இருந்தார்களாம். தேவாலயத்துச் சுவரை ஒட்டி ஒரு சிற்றறை கட்டச் சொல்லி, உள்ளே போனதும் வாசலை அடைத்துவிடச் சொல்லி, ஆயுசு முழுக்க அங்கேயே ஜெபத்தில் இருந்தவர்கள். எனக்கு நோயைக் கொடு, உன் காயத்தில் எனக்கும் பங்கு கொடு என்று கடவுளிடம் கேட்டவர்கள். வலி வந்தபோது அதைத் தண்டனை என்று நினைக்காமல், அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டவர்கள்.

எனக்கு இது ஒன்றும் விநோதமாகப் படவில்லை. என் தம்பிக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது என் அம்மா மாரியம்மனுக்குக் குண்டம் இறங்கினார். தணலில் நடந்தார் என்று சொன்னதும் சிஸ்டர் ஹெலன் தலையணையிலிருந்து நிமிர்ந்துவிட்டார். எத்தனை அடி நீளம், கால் சுட்டதா, இறங்கி வந்ததும் முதலில் என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்டார். என் மாணவிகள் யாருக்கும் இது புரிந்ததில்லை, உனக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் என் வீட்டு விஷயம் ஒன்றை உசத்தியாகப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

இன்னொரு கதையும் சொன்னார். பதினெட்டு வயதில் மடத்தில் சேர்ந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு விதி. எதையும் வாய் திறந்து கேட்கக் கூடாது. உப்பு வேண்டுமென்றால்கூட. பக்கத்தில் இருப்பவர் உன் தட்டைப் பார்த்து, தானாக உப்பை நகர்த்த வேண்டும். நீ அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொடுத்தால் வாங்கிக்கொள், கேட்காதே. ஐம்பத்தைந்து வருஷமாகிறது, இன்னும் எனக்கு உப்புக் கேட்க நாக்கு வராது என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் சாப்பாட்டுராமனாக இருந்தால் உங்கள் கதி என்ன சிஸ்டர் என்று கேட்டது நினைவிருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின வெள்ளி. அவர்களுக்குப் பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் இறந்த நாள். அன்று காலை நான் டியூட்டியில் இல்லை, மத்தியானம் வந்தேன். அலமாரிச் சாவியைக் கொடுக்கும்போது சிஸ்டர் ஜெரார்ட் சொன்னார்: “சிஸ்டர் ஹெலன் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இனி அவரிடம் அதைப் பற்றிப் பேச வேண்டாம், டானா. அது அவரைச் சோதனைக்கு உள்ளாக்குவது.”

தனலட்சுமி அவர் வாயில் டானாவாகிப் பல காலம் ஆகியிருந்தது. நான் தலையாட்டினேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சுருக்க அட்டை உண்டு, ஷிஃப்ட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அதில் என் குண்டு குண்டுக் கையெழுத்தில், ‘வலி மருந்து ஏற்பதில்லை’ என்று எழுதிவைத்தேன். தேதி போடவில்லை.

ஏன் ஒரு வார்த்தை அவரிடமே போய்க் கேட்கவில்லை என்று யாராவது கேட்டால், என்னிடம் பதில் இருக்கிறது, அதுதான் வெட்கம். எனக்கு ஒன்பது வயதில், அம்மா கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தபோது, வாடிய முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு வாய் காப்பி குடியம்மா என்று டம்ளரை நீட்டினேன். பக்கத்தில் இருந்த அத்தை தொடையில் கிள்ளிய தடம் நாலு நாள் இருந்தது. விரதத்தில் இருப்பவரிடம் வேணுமா என்று கேட்பது பாவம், அதைக் கலைத்த தோஷம் கேட்டவரைச் சேரும். சிஸ்டர் ஜெரார்ட் சோதனை என்றதும் எனக்கு அந்தக் கிள்ளுதான் ஞாபகம் வந்தது. இவர் விரதம் எடுத்திருக்கிறார், நான் யார் கலைக்க என்று நினைத்துக்கொண்டேன். அந்த வார்டிலிருந்த மற்ற நர்ஸுகள் பயத்தாலோ பழக்கத்தாலோ கேட்காமல் இருந்திருக்கலாம். நான் பக்தியால் கேட்காமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நான் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தேன். கோயிலுக்குள் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் படுக்கவைக்கும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார், உதடு வெளுத்துவிடும். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். பேச்சு நின்றுபோனது. எண்ணெய் தேய்க்கப் போனால், இன்று வேண்டாம் என்று கையை மட்டும் அசைப்பார். உள்ளுக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கிறார் என்று, இப்போது நித்யா நினைப்பதைப் போலவே, அப்போது நானும் நினைத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒருநாள் வரும் டாக்டர் வாசலிலிருந்தே எப்படி இருக்கிறீர்கள் சிஸ்டர் என்றார், கடவுள் நல்லவர் என்று அவர் பதில் சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்.

தினமும் ஷிஃப்ட் மாறும்போது ஆறாம் அறையின் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மருந்து அதே கோட்டில் இருந்தது. குறையவில்லை என்று தினமும் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் தாண்டி வந்த திங்கட்கிழமை காலை, துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கும் பெண் என்னை வழிமறித்தாள். ஆறாம் அறையிலிருந்து வரும் தலையணை உறைகள் எல்லாம் ஒரே மூலையில் கிழிந்து வருகின்றன, எதையாவது மாட்டி இழுக்கிறீர்களா என்று கேட்டாள். கையில் இரண்டு உறைகள் வைத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். மூலைத் தையல் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. கிழிசலைச் சுற்றிப் பல் பதிந்த தடம், வரிசையாக.

நேராக ஆறாம் அறைக்குப் போனேன். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் முழந்தாள் போட்டு உட்கார்ந்து, வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒன்பது என்றார். யோசிக்கவே இல்லை. மருந்து வேண்டுமா என்று கேட்டேன்.

“கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.”

நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் சிஸ்டர், என்று குழறினேன்.

“பெரிய வெள்ளி அன்று சொன்னேன். அந்த ஒரு நாள் போதும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: “உப்புக் கதையை உன்னிடம் சொல்லியிருந்தேனே, டானா.”

ஒரு வசவு விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை. மறந்துபோன மாணவிக்குப் பாடத்தை ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னார். பத்து நாள். ஒரு ஷிஃப்ட்டுக்கு ஐந்தாறு தடவை அந்த அறைக்குள் போயிருக்கிறேன். அவர் தட்டில் உப்பு இல்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கு ஒரு பெரிய பெயர் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

அலமாரியைத் திறந்து மருந்து எடுத்து, இரண்டு தடவை அளவு பார்த்தேன். கன்னத்துக்கு உள்ளே விட்டேன். அரை மணியில் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. ஒரு மணியில் தூங்கிப்போனார். நான் போய் டாக்டருக்கு போன் பண்ணினேன். மேலிருப்பவரைத் தாண்டி ஒரு நர்ஸ் அப்படிச் செய்வது அங்கே வழக்கமில்லை. கேட்டால் கொடு என்பதை மாற்றி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரப்படி கொடு என்று உத்தரவு வாங்கினேன். பிறகு நோயாளியின் குறிப்பேட்டில் நடந்ததை ஐந்து வரியில் எழுதினேன்.

சிஸ்டர் ஜெரார்ட் மத்தியானம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குறிப்பேடு மேஜைமேல் திறந்திருந்தது. டாக்டருக்கு போன் பண்ணியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் கேட்காமல் விட்டதைப் பற்றிய கடைசி வரியில் விரல் நின்றது.

“இது செய்த காரியம் அல்ல, டானா. நாம் செய்ததை மட்டும்தான் எழுதுவோம்.”

வெள்ளிக்குப் பிறகு நீங்கள் அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் துணிந்து கேட்ட கேள்வி அது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். முப்பது வருஷம் இந்த வேலை பார்த்திருக்கிறேன், இந்த வலிக்கெல்லாம் ஒரு அர்த்தம் இல்லையென்றால் என்னால் காலையில் எழுந்து இங்கே வரவே முடியாது என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். நாளைக்கு எழுதித் தந்தால் போதும் என்றார்.

அந்த மேஜையில் இன்னொரு காகிதமும் இருந்தது. என் கிரீன் கார்டுக்கு இல்லம் தர வேண்டிய கடிதம், வக்கீல் தட்டச்சு செய்து அனுப்பியது, அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவர் அதைத் தொடவுமில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்புள்ள, மருந்து குடுத்தாச்சா இல்லியா?”

“குடுத்தாச்சுங்க.”

“அப்புறம் என்ன. ஒரு லைனுக்காக நாம ஃபேமிலியோட பிளேன் ஏறோணுமா? லெட்டர் சைன் ஆகற வரைக்கும் வாயத் தொறக்காத. அந்தம்மா மனசு வெச்சாத்தான் நமக்கு எல்லாம்.”

அவர்மேல் பழி போட மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன். மறுநாள் காலையில் வெள்ளைத் தாளில் நான்கு வரியாக எழுதினேன். பழைய தாளை உருவி, கிழித்துக் கூடையில் போட்டேன். என் கண் முன்னால் சிஸ்டர் ஜெரார்ட் புதுத் தாளைக் குறிப்பேட்டில் கோத்தார். நன்றி என்றார்.

சிஸ்டர் ஹெலன் அதற்குப் பிறகு இரண்டரை வாரம் இருந்தார். வலி அடங்கியதும் பேச்சு திரும்ப வந்தது. எண்ணெய் தேய்க்க மறுபடி கால் நீட்டினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, காலைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டேன்: அந்தப் பத்து நாளில் கடவுள் வந்தாரா சிஸ்டர், நீங்கள் சொன்ன மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாரா?

“முதல் மூன்று நாள் அவரைத் தேடினேன். அப்புறம் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது வந்து கேட்பார்களா என்று.”

பிறகு அவரே தொடர்ந்தார். அந்தக் காலத்துப் பெண்களுக்கு மார்ஃபின் கிடையாது. வலி எப்படியும் வரத்தான் போகிறது. வீட்டில் இருப்பதைப் போட்டுச் சமைப்பதுபோல, வந்த வலியை வைத்து ஏதோ செய்தார்கள். இன்னொன்று, அவர்கள் ஒவ்வொருவரும் தனக்காகத்தான் கேட்டார்கள். இவளுக்குக் கொடு என்று அடுத்தவளைக் காட்டி யாரும் கேட்டதில்லை. நாற்பது வருஷம் பாடம் எடுத்தேன், இதை ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை என்றார். ஜெரார்டிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், பாவம், அவள் தாங்க மாட்டாள் என்றும் சொன்னார். அவருக்கு ஜெரார்டுமேல் இரக்கம் இருந்தது. எனக்கு இன்றுவரை இல்லை.

நான் என் அம்மாவைப் பற்றி அப்போதுதான் சரியாக யோசித்தேன். சஷ்டி விரதம் ஆறு நாள். ஏழாம் நாள் காலையில் அத்தை, என்னைக் கிள்ளிய அதே அத்தை, குளித்துவிட்டு இலை போட்டுத் தயாராக நிற்பார். எத்தனை நாள் என்பதை விரதம் எடுக்கும்போதே கேட்டுவைத்திருப்பார். நாளை எண்ணிக்கொண்டிருப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை. கிள்ளியது மட்டும் என் ஞாபகத்தில் நின்றது, இலை போட்டது நிற்கவில்லை. எங்கள் வழக்கத்தில் குறையில்லை. நான்தான் அதில் பாதியைத் தொலைத்துவிட்டு வந்திருந்தேன்.

சிஸ்டர் ஹெலனின் அடக்கத்துக்குப் பழைய மாணவிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சிஸ்டர் ஜெரார்ட் எழுந்து பேசினார். தான் நாற்பது வருஷம் கற்பித்ததைச் சிஸ்டர் ஹெலன் கடைசியில் வாழ்ந்து காட்டினார், மருந்தை மறுத்துத் தன் வலியை முழுதாகக் கடவுளுக்குக் கொடுத்தார் என்றார். மாணவிகள் அழுதார்கள். நான் மூன்றாவது வரிசையில், கடன் வாங்கிய கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்தேன், எழுந்து நிற்கவில்லை.

அடுத்த வாரம் என் கடிதம் கையெழுத்தாகி வந்தது. வக்கீல் எழுதியதற்குக் கீழே, சிஸ்டர் ஜெரார்ட் தன் கையாலேயே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார். எங்கள் நோயாளிகளின் ஆன்மாவைப் புரிந்துகொண்டவர், முழு நம்பிக்கைக்கு உரியவர் என்று. வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சந்தோஷத்தில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தார். பெருமாள் முன்னால் நின்றபோது என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கிரீன் கார்டு வந்தது. என் மகள் இங்கே பிறந்தாள், படித்தாள், வக்கீலாக இருக்கிறாள். அந்த நாலு வரித் தாளில் ஆரம்பித்த வாழ்க்கை இது, நன்றாகத்தான் போயிற்று.

இப்போது வலியைக் கேட்காத நர்ஸே கிடையாது. மணிக்கொருமுறை எண்ணைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் போட்டாக வேண்டும், போடாவிட்டால் திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. இளையவர்கள் நோயாளியைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக் கேட்கிறார்கள். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை கேட்டேன், ஒன்று கம்ப்யூட்டருக்காக, இன்னொன்று முழந்தாள் போட்டு. முழங்கால் தேய்ந்ததற்கு அதுதான் காரணம் என்று மகள் சொல்கிறாள்.

நித்யா கேட்ட பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி. அன்று ராத்திரியே வீட்டுக்காரர், “இப்ப எதுக்குப் புள்ள அதையெல்லாம் கிளறிக்கிட்டு” என்றார். பத்து நாள் கழித்து நித்யா போன் பண்ணினாள். குரல் இறங்கியிருந்தது.

“ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. லீகல்ல இதைப் போட முடியாதுன்னுட்டாங்க. அந்த ஃப்யூனரல் ஸ்பீச் ஃபைல்ல இருந்துச்சு, அதையே போடறாங்க.”

“படிச்சியா நீ?”

“படிச்சேன் ஆன்ட்டி. நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே.”

சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டேன். புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. சிஸ்டர் ஹெலன் சிரிக்கும் படம், அதற்குக் கீழே அவர் மறுத்த கதை. அந்தத் தாளை நான் கிழித்துக் கூடையில் போட்டேனே தவிர, அதில் எழுதியது எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. அதை இங்கே திரும்ப எழுதிவைக்கிறேன்.

ஆறாம் அறை. திங்கட்கிழமை, காலை பத்தே கால்.

வலி எவ்வளவு என்று கேட்டேன். ஒன்பது என்றார்.

மருந்து வேண்டுமா என்று கேட்டேன். கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்றார்.

கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்தப் பத்து நாளில் நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை.